ஐந்தாவது கேள்வி

டுசெல்டோர்ஃபில் நான் ஐந்து வருஷம் குடியிருந்த வீட்டுக்கு நேர் மேல்மாடியில் ஒரு பாட்டி இருந்தார். குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை பருப்புக்குக் குக்கர் வைத்தேன். மூன்றாவது விசிலில் கதவு தட்டப்பட்டது. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் ஆணி அடிக்கக் கூடாது, காலி பாட்டிலைத் தொட்டியில் போடக் கூடாது, அவ்வளவு அமைதி வேண்டும். சரி, இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று திறந்தால், குட்டையாக, தலைக்குச் செஞ்சாயம் போட்ட ஒருவர் நின்றுகொண்டு, "என்ன வேகுது?" என்று கேட்டார். அவருடைய ஜெர்மன் மொழியும் என்னுடையதைப் போலவே ஓட்டை. அதனாலேயே எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போனது.

பெலாரஸில் கோமெல் என்ற ஊர்க்காரர். ஓய்வுபெற்ற பொறியாளர். நான் இந்தியன் என்றதும் எதிர்பார்த்தபடியே ராஜ் கபூர் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார் (அந்தத் தலைமுறை சோவியத்காரர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள், எனக்குத்தான் பாட்டு முழுசாகத் தெரியாது). பதிலுக்கு நானும் ஒருவகையில் சோவியத் பிள்ளைதான் என்று ஜம்பமாகச் சொன்னேன். அப்பா சிங்காநல்லூரில் மில் தொழிலாளி, சங்கக்காரர். அம்மாவின் முருகன் படத்துக்கு எதிர்ச்சுவரில் லெனின் படம். பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழப்பான தாளில்தான் அட்டை. பெரியப்பா மகன் பெயர் லெனின். எனக்கு இயற்பியல் பிடித்துப்போனதே யாகோவ் பெரெல்மானின் புத்தகத்தால்தான்.

"பெரெல்மான் எங்க ஆள்" என்றார் பாட்டி.

கோமெல்காரரா என்று கேட்டேன்.

"ஊரைச் சொல்லலை. எங்க ஆள்."

பெரெல்மான் பியலிஸ்தோக் நகரத்து யூதர். 1942இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் செத்துப்போனார். அந்தப் புத்தகத்தை அட்டை கிழியும்வரை படித்தவன் நான், அவர் யூதர் என்பது முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. அட்டையில் எங்கேயும் போடவில்லையே என்றேன். "அட்டையில எழுத மாட்டாங்க. பாஸ்போர்ட்டுல எழுதுவாங்க" என்று சொல்லிவிட்டுப் பருப்பை ஒரு கரண்டி வாங்கிச் சுவைத்துப் பார்த்தார்.

அந்தப் பாஸ்போர்ட் விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், அது புரியாமல் இந்த ஆட்களின் வீட்டுக்குள் நுழைய முடியாது. சோவியத் ஒன்றியத்தில் 1932 டிசம்பரில் உள்நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் 'தேசிய இனம்' என்று ஒரு வரி. குடியுரிமை வேறு, இது வேறு. எல்லோரும் சோவியத் குடிமக்கள், ஆனால் ஒருவர் ரஷ்யர், ஒருவர் உஸ்பெக், ஒருவர் யூதர். வேலைக்கோ கல்லூரிக்கோ நிரப்புகிற படிவத்தில் இது ஐந்தாவது கேள்வி. அதனால் 'ஐந்தாவது கேள்வி' என்றாலே எல்லோருக்கும் புரியும். உடல் ஊனமுற்றவர்களை அரசு மூன்று பிரிவாகப் பிரித்திருந்தது, யூதர்கள் தங்களை 'ஐந்தாம் பிரிவு ஊனம்' என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு உடனே நம்மூர் சாதிச் சான்றிதழ் நினைவுக்கு வந்தது, ஆனால் அந்த ஒப்புமை அதிக தூரம் போகாது. நம்முடைய காகிதம் அடைத்த கதவைத் திறப்பதற்காக வந்தது. இங்கே திறந்திருந்த கதவு அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சாத்திக்கொண்டது. ஆனால் ஒன்று அப்படியே பொருந்தும். "உங்க ஊர் எது, குலதெய்வம் எது" என்று சுற்றிவளைத்து விசாரிக்கிற நம் ஆட்களைப்போல, அங்கே தகப்பன் பெயரைக் கேட்பார்கள். ரஷ்ய முறையில் சொந்தப் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் ஒட்டிக்கொண்டு வரும். மோய்ஷே என்ற தாத்தாவின் நினைவாகப் பேரனுக்கு மிகைல் என்றும், சோரா பாட்டியின் நினைவாகப் பேத்திக்கு சோஃபியா என்றும் முதல் எழுத்தை மட்டும் காப்பாற்றிப் பெயர் வைத்தாலும், பின்னால் 'மொய்செயேவிச்' என்று வந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும். ஜெர்மனிக்கு வந்தபோது அடையாள அட்டையில் தகப்பன் பெயர் போடமாட்டோம் என்றார்களாம். "முதல் நாள் தோள்ல இருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. ரெண்டாம் நாள் அப்பாவை எங்கேயோ விட்டுட்டு வந்த மாதிரி இருந்தது" என்றார் பாட்டி.

அப்பாவின் அப்பா, அதாவது பாட்டியின் தாத்தா, கோமெலில் மெலாமெத். பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்தும் தோரா என்கிற யூத வேதமும் சொல்லிக்கொடுக்கிற திண்ணை வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜார் காலத்தில் யூதர்கள் பேரரசின் மேற்கு மாகாணங்களை விட்டு வெளியே குடியேற, சில விதிவிலக்குகள் தவிர, அனுமதி கிடையாது. 1897 கணக்கெடுப்பில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள், பெரும்பாலும் அந்த எல்லைக்குள் அடைந்து கிடந்தார்கள். 1917 புரட்சி அந்த வேலியைப் பிடுங்கியது. மாஸ்கோவுக்குப் போகலாம், கல்லூரியில் சேரலாம், அதிகாரி ஆகலாம். உள்நாட்டுப் போரில் உக்ரைனில் பல்லாயிரம் யூதர்களை வெட்டிக் கொன்றபோது அவர்களுக்கு ஓரளவு காவலாக நின்றது செஞ்சேனைதான். இதை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. என் அப்பா வீட்டுச் சுவரில் லெனின் தொங்கிய அதே காரணங்களுக்காகத்தான் பாட்டியின் அப்பாவும் கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கத்தில் சேர்ந்தார்.

ஆனால் அதே கட்சிக்குள் 'எவ்செக்ட்சியா' என்று யூதப் பிரிவு ஒன்று 1918 முதல் 1930 வரை இயங்கியது. யூத மதத்தை ஒழிக்கிற வேலையை யூதக் கம்யூனிஸ்டுகளிடமே கொடுத்தார்கள், அவர்களும் ரொம்ப சிரத்தையாகச் செய்தார்கள். வித்தெப்ஸ்கில் 1921இல் திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பகிரங்க விசாரணை நடத்தினார்கள். எபிரேயம் புரோகித மொழி, அதனால் ஒழிய வேண்டும். யிட்டிஷ், அதாவது அந்தப் பக்கத்து யூதர்கள் வீட்டில் பேசியது, உழைக்கும் மக்களின் மொழி, அதனால் வாழ வேண்டும். யிட்டிஷ் பள்ளிகள், செய்தித்தாள்கள், நாடகக் குழுக்கள் எல்லாம் அரசுச் செலவில் வந்தன. பெலாரஸ் குடியரசின் சின்னத்தில் 'உலகத் தொழிலாளரே ஒன்றுபடுங்கள்' என்ற வாசகம் பெலாரஸ், ரஷ்ய, போலிஷ், யிட்டிஷ் என்று நான்கு மொழியில் இருந்தது. உலகத்தில் வேறு எந்த அரசுச் சின்னத்திலாவது யிட்டிஷ் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எழுத்திலும் கை வைத்தார்கள். யிட்டிஷ் எபிரேய லிபியில் எழுதப்படும் மொழி. எபிரேயத்திலிருந்து வந்த சொற்களை மூலத்தில் உள்ளபடியே எழுதிவிட்டு வேறுமாதிரி உச்சரிப்பார்கள். சோவியத்காரர்கள் அது கூடாது, காதில் விழுகிறபடி எழுது என்றார்கள். நாம் 'ஸத்யம்' என்பதைச் 'சத்தியம்' என்று எழுதிக்கொண்ட மாதிரி. வேடிக்கை என்னவென்றால் இதற்கு எல்லோரும் காட்டுகிற உதாரணமே அந்தச் சொல்தான். உண்மைக்கு யிட்டிஷில் 'எமெஸ்'. மாஸ்கோவில் வந்த கட்சிப் பத்திரிகையின் பெயரும் அதுவே, தலைப்பில் தினமும் புது எழுத்தில் அச்சாகும். பாட்டியின் அம்மாவும் அப்பாவும் யிட்டிஷ் பள்ளியில் படித்தவர்கள், அவர்கள் எழுதக் கற்றது இப்படித்தான்.

மெலாமெத் தாத்தா 'லிஷெனெத்ஸ்' ஆனார். உரிமை பறிக்கப்பட்டவர் என்று பொருள். மதகுருமார், வியாபாரிகள் போன்றவர்களுக்கு ஓட்டு கிடையாது, பங்கீட்டு அட்டை கிடையாது, பிள்ளைகளுக்கு மேல்படிப்பும் கிடையாது. 1936 அரசியல் சட்டம் வரும்வரை இந்த நிலைதான். அதற்கு அன்றைக்கு ஒரு வழி இருந்தது, நிறையப் பேர் போன வழி. "என் தகப்பனாரோடு எல்லாத் தொடர்பையும் முறித்துக்கொண்டேன்" என்று பிள்ளை பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட வேண்டும். பாட்டியின் அப்பா பதினேழு வயதில் கொடுத்தார், தொழில்நுட்பப் பள்ளியில் இடம் கிடைத்தது. பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் பின்பக்கச் சந்து வழியாகப் போய் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாராம். இதைப் பாட்டியின் அம்மா கடைசிக் காலத்தில்தான் மகளிடம் சொன்னார். தாத்தா சண்டைக்கு முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டார் என்றும் சொல்லியிருந்தார்.

பாட்டி பிறந்தது 1938. பெலாரஸில் யிட்டிஷ் பள்ளிகளை மூடியதும், அரசுச் சின்னத்திலிருந்து யிட்டிஷை எடுத்ததும், 'எமெஸ்' பத்திரிகை நின்றதும் அந்த வருஷமே. எபிரேயத்தைப் புரோகித மொழி என்றவர்களுக்கு இப்போது யிட்டிஷும் வேண்டாததாகிவிட்டது. அதை வளர்த்தவர்கள் பலரையும் அந்த வருஷங்களில் சுட்டுவிட்டார்கள். ஆக, அம்மா பள்ளியில் படித்த மொழியில் மகளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

1941 ஆகஸ்டில் ஜெர்மானியர்கள் கோமெலைப் பிடிப்பதற்குச் சில நாள் முன்னால் அம்மா மூன்று வயதுக் குழந்தையோடு சரக்கு ரயிலில் ஏறி, போர்முனைக்கு வெகு தொலைவில் இருந்த தாஷ்கந்த் போய்ச் சேர்ந்தார். அப்பா ஏற்கெனவே போர்முனையில். செஞ்சேனையில் சுமார் 5 லட்சம் யூதர்கள் சண்டை போட்டார்கள் என்பது கணக்கு. ஆனாலும் யூதன் தாஷ்கந்தில்தான் சண்டை போட்டான் என்ற கேலியை பாட்டி பேருந்திலும் கடை வரிசையிலும் ஐம்பது வருஷம் கேட்டிருக்கிறார். அப்பாவிடமிருந்து ஏழு கடிதங்கள் வந்தன. போர்முனைக் கடிதத்துக்கு உறை கிடையாது, அஞ்சல்தலை கிடையாது, தாளையே முக்கோணமாக மடித்து விலாசத்தை எழுதிவிடுவார்கள். ஏழும் யிட்டிஷில். 1944 கோடையில் பெலாரஸை மீட்ட சண்டையில் அவர் இறந்துபோனார்.

திரும்பி வந்தபோது கோமெலில் இருந்த யூதர்கள் இல்லை. எங்கே என்று பாட்டி கேட்டதற்கு அம்மா, "போயிட்டாங்க" என்றார். ஊரே அப்படித்தான் பேசியது. நினைவுக் கற்களில் 'அமைதியான சோவியத் குடிமக்கள்' என்று எழுதியிருக்கும், அந்தக் குடிமக்களைக் கொன்றவன் எதற்காகக் கொன்றான் என்று எழுதியிருக்காது. கியேவில் 'பாபி யார்' என்ற பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 இரண்டே நாளில் 33,771 யூதர்களைக் கொன்றார்கள். கொன்றவர்களே எண்ணிக் குறித்துவைத்த எண் அது. அங்கே 1976இல் அரசு எழுப்பிய பெரிய நினைவுச் சின்னத்திலும் யூதர் என்ற சொல் வரவில்லை. மின்ஸ்கில் மட்டும் 'யாமா' என்கிற குழியருகே 1947இல் யிட்டிஷ் வாசகத்தோடு ஒரு கல் நட்டார்கள். அந்த வாசகத்தை எழுதிய கவிஞர் ஹாயிம் மால்தின்ஸ்கி பிறகு சிறைமுகாமுக்குப் போனார். கல் தப்பித்தது.

அடுத்த ஐந்து வருஷத்தைப் பற்றிப் பாட்டி அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரு தாலாட்டிலிருந்து ஆரம்பிப்பார். 1936இல் வந்த ஒரு சர்க்கஸ் படம் சோவியத் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தது. அதில் ஒரு கறுப்பினக் குழந்தையைக் கூட்டத்தில் கைமாற்றி வாங்கி, ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் தாலாட்டு பாடுவார்கள். ஒருவர் யிட்டிஷில் பாடுவார், சாலமன் மிகோயெல்ஸ், மாஸ்கோ யிட்டிஷ் நாடக அரங்கத்தின் தலைவர். 1948 ஜனவரியில் அவரை மின்ஸ்குக்கு வரவழைத்துக் கொன்று, லாரி மோதிச் செத்தார் என்று தெருவில் போட்டுவிட்டு, மாஸ்கோவில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பிறகு படத்திலிருந்து அவர் பாடுகிற இடத்தை வெட்டினார்கள். பாட்டி சின்ன வயதில் ஒருமுறை பார்த்தார், பத்துப் பன்னிரண்டு வயதில் மறுபடி பார்த்தபோது தாலாட்டு நடுவில் ஒரு துண்டு காணோம். "நான்தான் கனவு கண்டேன்னு நினைச்சேன். அம்மாகிட்ட கேட்டேன், ஆமா கனவுதான்னு சொல்லிட்டா."

பள்ளியில் மனப்பாடம் செய்த லேய்ப் க்வித்கோவின் குழந்தைப் பாட்டுகளுக்கும் அதே கதி. ரஷ்யக் குழந்தைகள் எல்லோரும் பாடிய கவிஞர், எழுதியது யிட்டிஷில் என்பது பாடிய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1949இல் கைதானார், புத்தகங்கள் காணாமல்போயின. 1952 ஆகஸ்ட் 12 அன்று பாசிச எதிர்ப்பு யூதக் குழுவோடு தொடர்புடைய 13 பேரைச் சுட்டார்கள், அவர்களில் ஒருவர் அவர். போர்க்காலத்தில் ஸ்டாலின் அரசே வெளிநாட்டில் ஆதரவும் பணமும் திரட்ட அமைத்த குழு அது.

1953 ஜனவரி 13, 'வெள்ளை அங்கிக் கொலைகாரர்கள்' செய்தி வந்தது. கிரெம்ளின் மருத்துவர்கள், பெரும்பாலும் யூதர்கள், தலைவர்களுக்கு விஷம் வைக்கச் சதி செய்தார்களாம். பாட்டியின் அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. பத்து வருஷமாக வாங்கிப் போகிறவர்கள், "முதல்ல நீ ஒரு வாய் குடி, பார்க்கலாம்" என்றார்கள். குடித்துக் காட்டினார். இருமல் மருந்து, தலைவலி மருந்து, எல்லாவற்றிலும் ஒரு வாய் குடித்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து வாந்தி எடுப்பார். மார்ச் 1 ஸ்டாலின் விழுந்தார். யூத நாட்காட்டியில் அன்றைக்குப் பூரிம், தங்களை ஒழிக்கத் திட்டமிட்ட மந்திரி ஒருவன் வீழ்ந்ததைக் கொண்டாடுகிற பண்டிகை. இதைப் பக்தர்கள் இன்றைக்கும் கண் விரியச் சொல்வார்கள், பாட்டிக்கு அன்று பூரிம் என்ற வார்த்தையே தெரியாது. அதே மார்ச் 1 சென்னையில் பிறந்த குழந்தைக்குத்தான் கலைஞர் ஸ்டாலின் என்று பெயர் வைத்தார், அந்தக் குழந்தை பிற்பாடு முதலமைச்சரும் ஆனது. இதைச் சொன்னதும் பாட்டி சிரிக்கவில்லை, "எங்க வீட்டுலயும் அம்மா அழுதா" என்றார். மார்ச் 5 மரணச் செய்தி கேட்டு அம்மா தேம்பித் தேம்பி அழுதாராம், பயத்திலா நிஜத்திலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஏப்ரல் 4 அன்று மருத்துவர்கள் குற்றமற்றவர்கள் என்று பேப்பரில் வந்தது. அடுத்த நாள் கடைக்கு வந்தவர்கள் ஒன்றும் நடக்காத மாதிரி மருந்து வாங்கிப் போனார்கள்.

அப்பாவுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்பா. தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தோம்" என்றார். அப்புறம் மழை பெய்ததா என்று கேட்டார்.

சரி, வீட்டுக்குள் என்னதான் மிச்சம் இருந்தது? எனக்கு இதுதான் பெரிய கேள்வி. மொழி போயிற்று. 1926 கணக்கெடுப்பில் சோவியத் யூதர்களில் பத்துக்கு ஏழு பேர் யிட்டிஷ் தாய்மொழி என்றார்கள், 1989இல் நூற்றுக்குப் பதினொருவர். அம்மாவும் சித்தியும் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாததை மட்டும் யிட்டிஷில் பேசுவார்கள், எந்தப் பிள்ளைதான் அப்படிப்பட்ட மொழியைக் காதைத் தீட்டிக்கொண்டு கற்காமல் இருக்கும்? பாட்டிக்கு யிட்டிஷில் நோய், கடன், கள்ளக்காதல், கைது எல்லாவற்றுக்கும் வார்த்தை தெரியும், மேசைக்கும் ஜன்னலுக்கும் தெரியாது. வருஷத்தில் ஒருநாள் அம்மா சாப்பிட மாட்டார், வயிறு சரியில்லை என்பார். அது பாவமன்னிப்பு நோன்பு நாள் என்று பாட்டிக்கு நாற்பது வயதில் புரிந்தது. பாஸ்கா என்கிற யூதப் பண்டிகைக்கு முன்னால் யாரோ ஒருவர் இருட்டில் ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே புளிப்பில்லாத அப்பம். குருஷ்சோவ் காலத்தில் அதைச் சுட்டு விற்கப் பல ஊர்களில் தடை, 1963இல் மாஸ்கோவில் தனியாகச் சுட்டவர்களைக் கைது செய்து வழக்கே போட்டார்கள். அவ்வளவு ஆபத்தில் வாங்கியதை எப்படிச் சாப்பிட்டார்கள் தெரியுமா? சாதாரண ரொட்டியோடு சேர்த்து, மேலே பன்றிக் கொழுப்பு தடவி. அந்த எட்டு நாளும் ரொட்டியே வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் பண்டிகை. அது யாருக்கும் நினைவில்லை, அப்பம் வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது.

அப்புறம் மீன். கெண்டை மீனைத் தோல் கிழியாமல் உரித்து, சதையை அரைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு மறுபடி அடைத்து வேகவைத்து ஆறவைத்துச் சாப்பிடுகிறது. போலந்துப் பக்கம் சர்க்கரை போடுவார்களாம், பாட்டி அதைச் சொல்லும்போதே முகத்தைச் சுளிப்பார். 'சப்பாத்' என்கிற யூத ஓய்வுநாளுக்கு வைத்துப் படைத்த மீன் கோமெலில் மே தினத்துக்கும் நவம்பர் புரட்சி நாளுக்கும் புத்தாண்டுக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜில்லென்று, கூழ் கட்டிப்போய், எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஐந்து வருஷமும் தட்டைக் காலி செய்திருக்கிறேன்.

மதமும் இல்லை, மொழியும் இல்லை, ஆனால் பாஸ்போர்ட்டில் அந்தச் சொல் மட்டும் உட்கார்ந்திருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு டப்பாவின் மேலே சீட்டை மட்டும் பத்திரமாக விட்டுவைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாட்டி பெலாரஸ்காரர் ஒருவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். மகன் 1964இல் பிறந்தான். கலப்பு மணத்துப் பிள்ளைகள் பதினாறு வயதில் பாஸ்போர்ட் வாங்கும்போது அப்பா இனமா அம்மா இனமா என்று தேர்ந்தெடுக்கலாம், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை. பாட்டியே மகனைக் கூட்டிப்போய் 'பெலாரஸ்' என்று எழுதவைத்தார். வீட்டுக்கு வந்து காட்டியபோது பாட்டியின் அம்மா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "நல்லா செஞ்சே" என்றார். ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

செய்ததில் தப்பு சொல்ல முடியாது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் அந்த வருஷங்களில் யூத மாணவர்களுக்கென்று தனிக் கணக்குகள் இருந்தன. கேட்க எளிமை, விடையும் இரண்டு வரி, ஆனால் பரீட்சை நேரத்துக்குள் யாராலும் அங்கே போய்ச் சேர முடியாது. 'சவப்பெட்டிக் கணக்குகள்' என்று பெயர். அப்படித் தோற்கடிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக பெல்லா சுப்போத்தோவ்ஸ்கயா என்ற கணிதக்காரர் 1978இல் ஒரு ரகசியக் கல்லூரியே நடத்தினார், சில வகுப்புகள் அவர் வீட்டிலேயே, சாண்ட்விச் அவர் கையால். 1982இல் ராத்திரியில் வண்டி மோதி இறந்துபோனார். பாஸ்போர்ட்டில் ரஷ்யர் என்றிருந்தாலும் அப்பா பெயரைப் பார்த்துக் கழித்துவிடுவார்கள், எட்வர்ட் ஃப்ரெங்கெல் 1984இல் அப்படித்தான் தோற்று, பெட்ரோலியக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் பேராசிரியர் ஆனார். "பாஸ்போர்ட்டைப் பார்த்து அடிக்க மாட்டான், மூஞ்சியைப் பார்த்துத்தான் அடிப்பான்" என்று பழமொழி மாதிரி ஒன்று அவர்களிடம் உண்டு. கணக்கில் புலியான பாட்டியின் மகன் மாஸ்கோவுக்கு விண்ணப்பமே போடவில்லை.

நாட்டை விட்டுப் போகலாமே? 1970களில் கதவு கொஞ்சம் திறந்தது, 1979இல் மட்டும் 50,000 பேருக்கு மேல் போனார்கள். ஆனால் போவதற்கு அரசு வைத்த நிபந்தனைகளில் ஒன்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வளர்ந்த ஆள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர் என்றாலும், பெற்றோரிடமிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்து வாங்க வேண்டும். கேட்டால் பராமரிப்புக் கடன் நிலுவை இருக்கலாம் என்பார்கள். உண்மையில் கையெழுத்து போட்ட பெற்றோர் அவரவர் வேலையிடத்தில் பதில் சொல்ல வேண்டும். சித்தி மகன் 1978இல் கேட்டான். சித்தப்பா கட்சி உறுப்பினர், தொழிற்சாலையில் பெரிய பதவி. போட மாட்டேன் என்றார். இரண்டே அறை உள்ள வீட்டில் அப்பனும் பிள்ளையும் ஒன்பது வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். "உப்பை எடுத்துக் கொடு"ன்னு சொல்லக்கூட சித்தி நடுவில் வேண்டும். ஒரு தலைமுறை அப்பாவை மறுத்து விளம்பரம் கொடுத்தது, அதற்கடுத்தது அப்பாவின் கையெழுத்துக்கு ஏங்கிக்கொண்டு இருந்தது. சித்தப்பா 1987இல் கையெழுத்து போட்டார். அதற்குள் அது தேவைப்படாத காலம் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

பாட்டியைக் கிளப்பியது இதெதுவும் இல்லை. "எங்களை விரட்டினது சீசியம்" என்பார். செர்னோபில் அணு உலையிலிருந்து கதிரியக்கச் சீசியத்தோடு காற்று வீசியது கோமெல் பக்கம். 1986 ஏப்ரல் 26 வெடித்தது, அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மே தினத்துக்கு சோஷ் ஆற்றுக் கெண்டையில் வழக்கமான மீன் செய்து சாப்பிட்டார்கள்.

1991 முதல் ஜெர்மனி சோவியத் யூதர்களை அகதி ஒதுக்கீட்டில் ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது. 2004 வரை, குடும்பத்தாரையும் சேர்த்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வருவதற்கு என்ன சான்று? பழைய சோவியத் காகிதத்தில் இருக்கிற அந்த ஐந்தாவது வரி. ஐம்பது வருஷம் மூடி மறைத்ததைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நீட்ட வேண்டியதாகிவிட்டது. 'யூத மனைவி ஆடம்பரம் இல்லை, போக்குவரத்துச் சாதனம்' என்று ஏற்கெனவே இருந்த பகடி திடீரென்று நடைமுறைக்கு வந்தது. பெலாரஸ் என்று எழுதிய மகன் அம்மாவின் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினான். அதுவும் எந்த நாட்டுக்கு? பாட்டி டுசெல்டோர்ஃபில் முதல் ஒரு வருஷம், தன் வயதுக்கு மேற்பட்ட எந்த ஜெர்மானியக் கிழவரைப் பார்த்தாலும் மனசுக்குள் கழித்தல் கணக்கு போடுவாராம். 41இல் இவனுக்கு என்ன வயது?

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய மே 9, வெற்றி நாள். பாட்டி மீன் சாப்பிடக் கூப்பிட்டார். பேத்தி வந்திருந்தாள். டுசெல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் யிட்டிஷுக்கு ஒரு துறை இருக்கிறது, உலகத்தில் அப்படிப்பட்ட இடங்கள் ரொம்பக் குறைவு, அவள் அதில் முதல் வருஷம். மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே ஏழு முக்கோணங்கள்.

பாட்டியின் அம்மா சாகும்வரை ஒவ்வொரு மே 9உம் இவற்றை எடுத்து வாய்விட்டுப் படிப்பார். அவர் 1983இல் போன பிறகு படிக்க ஆள் இல்லை. பாட்டிக்கு எழுத்து தெரியாது, ஆனால் ஏழும் மனப்பாடம். பேத்தி எழுத்துக்கூட்டி வாசிக்க, பாட்டி கண்ணை மூடிக்கொண்டு அவளுக்கு ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். நடுநடுவே, "அப்படி இல்லை, நீ ஜெர்மன்காரி மாதிரி உச்சரிக்கிறே" என்று திருத்தினார். குழந்தைக்கு இருமல் நின்றதா, பூட்ஸ் புதுசு கொடுத்தார்கள், ஒரு சர்க்கரைக் கட்டி சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது கடிதம் 1943 டிசம்பர், கோமெல் மீட்கப்பட்ட சில நாளில் எழுதியது. நம் தெருவுக்குப் போனேன், ஆப்பிள் மரம் நிற்கிறது என்று பாட்டி சொன்னார், பேத்தியும் வாசித்தாள். "ஊர் சீக்கிரம் பழையபடி ஆகிவிடும், உங்களுக்கு முத்தங்கள்" என்று பாட்டி முடித்தார்.

பேத்தி முடிக்கவில்லை. "இன்னும் பாதிப் பக்கம் இருக்கு" என்றாள்.

மெதுவாக வாசித்தாள், பாட்டியின் உதடு இப்போது அசையவில்லை. எனக்காக அவள் ஜெர்மனில் சொன்னது இவ்வளவுதான்: அப்பா வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்துவீட்டுக்காரி என்னைக் கூட்டிப்போய்க் குழி எங்கே என்று காட்டினாள். நடக்க முடியாமல் இருந்தாராம், நாற்காலியோடு தூக்கிப் போனார்களாம். பேப்பரில் நான் போட்டதை இனி யாரிடம் போய்த் திரும்ப வாங்குவேன். அடுத்து ஒரு சொல் அவளுக்குப் பிடிபடவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்தாள், பையிலிருந்து அகராதியை எடுத்துப் புரட்டினாள்.

"இப்படி ஒரு வார்த்தையே இல்லை, பாபுஷ்கா. எழுத்துப்பிழை விட்டிருக்கார்."

"நாலு எழுத்தையும் சொல்லு."

சொன்னாள். பாட்டி கண்ணாடியைக் கழற்றி மேசைத்துணியில் துடைத்தார்.

"எமெஸ்" என்றார். "அப்போ அப்படித்தான் எழுதுவாங்க. மேல படி."